தேவதை இல்லாத சிண்ட்ரெல்லா

ஆண்டி டென்னன்ட் இயக்கி 1998-இல் வெளிவந்த ‘எவர் ஆஃப்டர்’, சிண்ட்ரெல்லா கதையை மந்திரம் ஏதுமின்றிச் சொல்லும் ஆங்கிலக் காதல் திரைப்படம். இதில் பூசணிக்காய் வண்டியாக மாறுவதில்லை. கோலைச் சுழற்றும் தேவதை வருவதில்லை. நள்ளிரவு மணிக்குக் கலைந்துபோகும் ஆடையும் இல்லை. கதை நிகழும் இடம் பதினாறாம் நூற்றாண்டின் பிரான்ஸ். தந்தையை இழந்து, தன் வீட்டிலேயே பணிப்பெண்ணாகிவிட்ட டேனியெல்லாக ட்ரூ பேரிமோர் நடித்தார். மாற்றாந்தாய் ரோட்மில்லாவாக அஞ்செலிகா ஹூஸ்டனும், இளவரசன் ஹென்றியாக டக்ரே ஸ்காட்டும் நடித்தனர். சுசானா கிராண்ட், ரிக் பார்க்ஸ், டென்னன்ட் ஆகிய மூவரும் சேர்ந்து திரைக்கதை எழுதினர். கிராண்ட் பின்னாளில் ‘எரின் ப்ரோக்கோவிச்’ படத்தின் திரைக்கதையை எழுதியவர்.

பழங்கதையை யதார்த்தமாக்குவது எளிய வேலையாகத் தோன்றும்; மாயங்களை வெட்டி எறிந்தால் போதும் என்று படலாம். ஆனால் தேவதைக் கதையில் மந்திரம் வெறும் அலங்காரமாக நிற்பதில்லை. கதை நகர்வதே அதனால்தான். சாம்பலில் கிடப்பவள் அரண்மனைக்குள் எப்படி நுழைந்தாள், நுழைந்தவளை ஏன் யாரும் அடையாளம் காணவில்லை, அவள் ஏன் பாதியில் ஓடினாள், பிறகு எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டாள் என்ற நான்கு கேள்விகளுக்கும் மந்திரமே விடை. அதை அகற்றியபின் அந்த நான்கு இடங்களிலும் மனிதக் காரணங்களை வைத்தாக வேண்டும். யதார்த்த மறுஆக்கம் ஒன்றின் தரத்தை அளக்க இதைவிடச் சரியான அளவுகோல் இல்லை. அந்த அளவில் ‘எவர் ஆஃப்டர்’ பெருமளவு தேறுகிறது. தேறாத இடங்களும் அற்பமானவை அல்ல.

சார்ல் பெரோ 1697-இலும் கிரிம் சகோதரர்கள் 1812-இலும் அச்சேற்றிய வடிவங்களே இக்கதையை உலகெங்கும் கொண்டுசென்றன. இரண்டிலும் மாற்றாந்தாய் கெட்டவள். ஏன் கெட்டவள் என்று கதை சொல்வதில்லை, கேட்பவரும் கேட்பதில்லை. படம் அந்தக் கேள்வியை எழுப்புகிறது. டேனியெல்லின் தந்தை இரண்டாம் மனைவியை அழைத்துவந்த சில நாட்களிலேயே வீட்டு வாசலில் குதிரையிலிருந்து சரிந்து இறந்துபோகிறார். கடைசி மூச்சில் அவர் முகம் திரும்புவது மகள் பக்கம். புது மனைவி பக்கம் அல்ல. அந்த ஒரு காட்சி ரோட்மில்லாவின் பத்தாண்டுக் கசப்புக்கு அடித்தளம் போடுகிறது. அவள் கணவனை அறியும் முன்னே விதவையானவள். விளைநிலத்தை நடத்தத் தெரியாத அரண்மனைச் சீமாட்டி. மூத்த மகள் மார்கரீட்டை அரசகுடும்பத்தில் சேர்ப்பது தவிர மீளும் வழி அறியாதவள். வீட்டின் விலையுயர்ந்த பொருள்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. ஊரின் செல்வனான பியேர் லெ பியூவிடம் ரோட்மில்லா அவற்றை ரகசியமாக விற்றுவருகிறாள். கடனுக்கு ஈடாக முதிய வேலைக்காரன் மோரிஸையே விற்றுவிடுகிறாள். கொடுமை இங்கே குணக்கேடாக மட்டும் நிற்கவில்லை; அது ஒரு வீட்டின் வரவுசெலவிலிருந்து பிறக்கிறது. அஞ்செலிகா ஹூஸ்டன் இந்தப் பாத்திரத்தைக் கத்தாமல் நடித்தார். மாற்றாள் மகளின் முகத்தில் அவள் தந்தையின் சாயல் தெரிகிறது என்று சொல்லும் இடத்தில் அவர் குரலில் ஒரு கணம் இரக்கம் எழுகிறது. எழுந்த வேகத்தில் மறைகிறது. திரையில் வந்த சிண்ட்ரெல்லா மாற்றாந்தாய்களில் இந்த அளவு ஆழம் பெற்றவர்கள் மிகக் குறைவு.

மந்திரத்தின் இடத்தில் படம் வைக்கும் மாற்றுகளுள் மிகச் சிறந்தது பொய். மோரிஸை மீட்கப் பணமும் வேண்டும், அரண்மனை வளாகத்தில் பேசும் தகுதியும் வேண்டும். பணம் தற்செயலாகக் கிடைக்கிறது: தந்தையின் குதிரையைத் திருட வந்தவன் என்று நினைத்து டேனியெல் ஆப்பிள்களை வீசி அடித்த ஆள் இளவரசன், வாயை மூடிக்கொள்ள அவன் கொட்டிவிட்டுப் போன பொற்காசுகள் அவளிடம் இருக்கின்றன. தகுதியைத்தான் அவள் கடன்வாங்க வேண்டியிருக்கிறது. சீமாட்டி உடை அணிந்து போகிறாள். பெயர் கேட்கப்படும்போது இறந்துபோன தாயின் பெயரைத் தன் பெயராகச் சொல்லிவிடுகிறாள். பணிப்பெண் தன் நிலைக்கு மீறி உடுத்துவது தண்டனைக்குரிய குற்றமாக இருந்த காலம் அது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் யார் எந்தத் துணியை உடுத்தலாம் என்று சட்டமே வரையறுத்திருந்தது. ஆகவே தேவதை தந்த பளபளப்பு ஆடை இங்கே சட்டத்தை மீறிய வேடமாகிறது. அதை அணிந்த ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து.

நள்ளிரவு எல்லைக்கும் இதே தர்க்கம் நீள்கிறது. பெரோவின் கதையில் பன்னிரண்டு மணி என்பது காரணம் கேட்க முடியாத விதி. படத்தில் அந்த விதியின் பெயர் உண்மை. முகமூடி நடன விழாவுக்கு முன் மணப்பெண்ணைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஸ்பெயின் இளவரசியை மணக்க வேண்டும் என்று அரசர் மகனுக்குக் கெடு வைத்திருக்கிறார். டேனியெல் அந்த விழாவுக்கு வருவது உண்மையைச் சொல்லிவிட. சொல்வதற்குள் ரோட்மில்லா குறுக்கிட்டு, அவையோர் முன்னிலையில் அவள் முதுகில் இருந்த வெள்ளைச் சிறகைப் பிய்த்து, இவள் வேலைக்காரி என்று அறிவிக்கிறாள். அடுத்து நிகழ்வதுதான் இந்த மறுஆக்கத்தின் உச்சம். இளவரசன் அவளைக் கைவிடுகிறான். சமத்துவம் பற்றி அவளிடம் நாள்கணக்கில் பேசி நெகிழ்ந்தவன், அவள் உண்மையிலேயே கீழே இருப்பவள் என்று தெரிந்ததும் அரசகுமாரனாக விறைத்துக்கொள்கிறான்.

பெரோவின் இளவரசனுக்கு இப்படி ஒரு சோதனை வரவில்லை. கிரிம் கதையிலும் இல்லை. அங்கே அவனுக்கு இருக்கும் ஒரே சிக்கல், பெண் எங்கே என்பது. இங்கே பெண் கண்முன் நிற்கிறாள். அவளை ஏற்க அவனால் முடியவில்லை. கதையின் பாரம் அவள் தகுதியிலிருந்து அவன் தகுதிக்கு மாறுகிறது. செருப்பும் இதனால் வேறு பொருளாகிவிடுகிறது. பழைய கதையில் அது அடையாளச் சான்று: கால் பொருந்தினால் பெண் இவளே. படத்தில் யார் அவள் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. செருப்பு பொருந்துமா என்ற கேள்விக்கே இடமில்லை. லெ பியூவிடம் விற்கப்பட்ட டேனியெல், அவனுடைய ஆயுதத்தையே அவன்மீது திருப்பிச் சாவியை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறாள். காப்பாற்ற ஓடிவந்த இளவரசன் வாசலிலேயே அவளை எதிர்கொள்கிறான். காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை. அவன் செய்யக்கூடியது மன்னிப்புக் கேட்பது மட்டும். முழந்தாளிட்டு அவன் செருப்பை நீட்டும்போது அது மன்னிப்பின் சின்னமாகிறது. பழைய கதைப்பொருள் ஒன்றுக்கு அதன் வடிவம் மாறாமல் புதிய பணி கொடுத்திருக்கும் இந்த நுட்பம் பாராட்டுக்குரியது.

டேனியெல்லின் துணிச்சலைப் பற்றிப் பேசும் பலர், அடங்கிக் கிடந்த சிண்ட்ரெல்லாவை முதன்முதலில் எழுந்து நிற்க வைத்த படம் இது என்பர். டிஸ்னியின் 1950 கார்ட்டூன் படத்தை மட்டும் எதிரே வைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றும். ஆனால் 1973-இல் செக்கோஸ்லோவாகியாவும் கிழக்கு ஜெர்மனியும் கூட்டாகத் தயாரித்த ‘சிண்ட்ரெல்லாவுக்கு மூன்று கொட்டைகள்’ படத்தின் நாயகி குதிரையேறி, வில்லெடுத்து, வேட்டைக்காரன் வேடத்தில் இளவரசனையே தோற்கடித்தவள். வக்லாவ் வோர்லிச்செக் இயக்கிய அந்தப் படம் ஐரோப்பியத் தொலைக்காட்சிகளில் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் காலத்தில் இன்றும் ஒளிபரப்பாகிறது. இன்னும் பின்னே போனால், பதினேழாம் நூற்றாண்டு நேப்பிள்ஸில் ஜாம்பத்தீஸ்தா பசீலே எழுதிய வடிவத்தில், நாயகி செசொல்லா முதல் மாற்றாந்தாயைப் பெட்டியின் மூடியை இறக்கிக் கொன்றுவிடுகிறாள். பழங்கதை எப்போதும் சாதுவாக இருந்ததில்லை. அதைச் சாதுவாக்கியது பின்னாளைய தேர்வு.

‘எவர் ஆஃப்டர்’ நாட்டார் மரபை நன்கு அறிந்தே எழுதப்பட்டது என்பதற்குக் காட்டில் நிகழும் காட்சி ஒன்றே சான்று. இளவரசனோடு ஜிப்சிகளிடம் அகப்பட்ட டேனியெல்லிடம், அவளால் சுமக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு போகலாம் என்று அவர்கள் தலைவன் வாக்களிக்கிறான். அவள் இளவரசனைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்குகிறாள். கிரிம் தொகுப்பிலேயே உள்ள கெட்டிக்கார உழவன் மகள் கதையின் முடிச்சு இது: அரண்மனையை விட்டுப் போகும்போது உனக்கு மிகப் பிரியமான ஒன்றை எடுத்துச் செல் என்ற கணவனையே அவள் மயக்கிக் கொண்டுபோய்விடுவாள். மந்திரம் தேவைப்படாத ஒரு நாட்டார் கதையிலிருந்து முடிச்சைப் பெயர்த்து, மந்திரம் நீக்கப்பட்ட கதையின் வெற்றிடத்தில் பொருத்தியிருக்கிறார்கள். இதில் ஒட்டுப்போட்ட தடமே தெரியவில்லை.

தடம் தெரியும் இடம் லியொனார்டோ டா வின்சி. தேவதைத் தாயின் இடத்தில் படம் அவரை வைத்தது. பேட்ரிக் காட்ஃப்ரே நடித்த இந்தக் கிழவர் காலில் மிதவைகளைக் கட்டிக்கொண்டு நீர்மேல் நடக்கிறார். டேனியெல்லை அடைத்துப் பூட்டிய நிலவறைக் கதவைக் கீல்களைக் கழற்றித் திறக்கிறார். விழாவுக்கு டேனியெல்லுக்குச் சிறகு செய்துகொடுக்கிறார். அறிவியலே புது மந்திரம் என்பது இதன் உட்பொருள். கேட்க நன்றாயிருக்கும் கருத்துதான். ஆயினும் வேண்டிய நேரத்தில் வந்து வேண்டியதைச் செய்துவிட்டுப் போகும் ஒருவர், கோல் இல்லாவிட்டாலும் தேவதையே. கதவைத் திறக்க அந்த வீட்டின் வேலைக்காரர்களே போதும். டேனியெல்லின் தோழர்கள் பாவ்லெட்டும் லூயிஸும் குஸ்தாவும் கதை முழுக்க அவளுக்குத் துணை நிற்பவர்கள். தீர்மானமான அந்தக் கணத்தில் அவர்களை ஓரம்கட்டி, ஒரு மேதையிடம் உதவியை ஒப்படைத்தது யதார்த்தத்துக்குச் செய்த துரோகம். இளவரசன் அவளைக் கைவிட்ட பிறகு அவனைக் கண்டிக்கும் உரிமையும் அந்த மேதைக்கே வழங்கப்பட்டது.

லியொனார்டோவின் வருகை வரலாற்றுச் சிக்கலையும் சேர்த்துக் கொண்டுவந்தது. முதலாம் பிரான்சுவா மன்னரின் அழைப்பில் 1516-இல் பிரான்சுக்கு வந்த அவர், அம்புவாஸ் நகரில் தங்கி, 1519 மே 2-இல் இறந்தார். பிரான்சுவாவின் மகன் ஹென்றி பிறந்தது அதே ஆண்டு மார்ச் 31. ஓவியர் கண்மூடியபோது இளவரசன் ஒரு மாதக் கைக்குழந்தை. பிரான்சுவாவின் அரசி குளோது, படத்திலோ மரி. தாமஸ் மோரின் ‘உட்டோபியா’ நூலைத் தந்தை தன் எட்டு வயது மகளுக்குக் கொடுப்பதாகவும், அதற்குப் பத்தாண்டுகளுக்குப்பின் மீதிக்கதை நடப்பதாகவும் படம் சொல்கிறது. அந்நூல் முதலில் அச்சானதே 1516-இல்தான், அதுவும் லத்தீனில். மோனலிசா ஓவியத்தைச் சுருட்டிக் குழலுக்குள் வைத்து லியொனார்டோ பயணம் செய்கிறார். உண்மையில் அது பாப்லர் மரப்பலகையில் தீட்டப்பட்டது. இவை சிறு பிழைகள். காதல் படத்தில் காலக்கணக்கைத் தேடுவது வீண் என்று ஒதுக்கிவிடலாம். கதைக்குள்ளிருக்கும் காரணகாரியத்தை இவை பாதிப்பதில்லை. நம்பகத்தன்மை என்பது தேதிகளில் இல்லை என்பதும் சரியே.

ஆனால் படம் தானாகவே வரலாற்று உரிமை கோருகிறது. அதனால்தான் கணக்குக் கேட்க வேண்டியிருக்கிறது. தொடக்கத்தில் ழான் மோரோ நடித்த முதிய பிரபுப் பெண்மணி கிரிம் சகோதரர்களை அழைத்து, அவர்கள் அச்சிட்ட கதை தவறு என்று கண்டித்து, செருப்பையும் லியொனார்டோ வரைந்த உருவப்படத்தையும் காட்டி, சிண்ட்ரெல்லா தன் குலத்து மூதாதை என்கிறார். (அந்த உருவப்படம் இத்தாலியின் பார்மா நகரிலுள்ள, லியொனார்டோவின் கலைந்த கூந்தல் பெண்தலை ஓவியத்தை ஒட்டி அமைக்கப்பட்டது.) அதாவது, ஒரு பெண்ணின் மெய்வாழ்க்கை காலப்போக்கில் கதையாகத் திரிந்துவிட்டது என்ற எளிய விளக்கம். ஆனால் சீனத்தில் தாங் வமிச காலத்து துவான் செங்ஷி ஒன்பதாம் நூற்றாண்டிலேயே யே ஷியென் என்ற பெண்ணின் தங்கச் செருப்புக் கதையை எழுதிவைத்துவிட்டார். மரியன் ரோல்ஃப் காக்ஸ் என்ற ஆய்வாளர் 1893-இல் வெளியிட்ட நூலில் 345 வடிவங்களைத் திரட்டினார். ஊர் ஊராக எண்ணற்ற பெண்கள் சொல்லிச் சொல்லி வளர்த்த ஒன்றை ஒரே பிரெஞ்சுக் குடும்பத்தின் சொத்தாக்குவது, யதார்த்தம் என்ற பெயரில் கதையின் உண்மையான வரலாற்றைச் சுருக்கிவிடுகிறது.

காட்சிக்களம் இந்தக் குறைகளை மறைக்கும் அளவுக்கு வளமானது. தென்மேற்குப் பிரான்சின் தோர்தோஞ் பகுதியில், ஓத்ஃபோர், ஃபெனெலோன் முதலிய கோட்டைகளிலும் சார்லா நகரிலும் படம் பிடிக்கப்பட்டது. ஓத்ஃபோர் கோட்டையின் இன்றைய தோற்றம் பெரும்பாலும் பதினேழாம் நூற்றாண்டினது. பார்வையாளருக்கு அது உறுத்துவதில்லை. ஜென்னி பீவனின் ஆடைகளில் டேனியெல்லின் அழுக்கேறிய நீலச் சட்டையும் மண்படிந்த கைகளும்தான் நடன விழா ஆடையைவிட மனத்தில் நிற்பவை. நடிகர்கள் பெரும்பாலோர் ஆங்கிலேய உச்சரிப்பில் பேசும் பிரான்ஸ் என்பது ஹாலிவுட்டின் பழைய பழக்கம்.

காதலை வளர்க்கப் படம் பயன்படுத்துவது பேச்சு. பெரோவின் காதலர்கள் ஆடுகிறார்கள், இவர்கள் வாதாடுகிறார்கள். மடாலய நூலகத்தில் புத்தக அடுக்குகளைக் கண்டு டேனியெல் தந்தையை நினைத்துக் கலங்கும்போது, எதிலும் பற்றில்லாத இளவரசன் முதன்முறையாக இன்னொருவரின் பற்றைப் பார்த்துப் பொறாமைப்படுகிறான். இருவரும் ஏன் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள் என்பதற்கு இங்கே காரணம் இருக்கிறது. சிண்ட்ரெல்லா வடிவங்கள் பெரும்பாலானவற்றில் அது இல்லை. ஆயினும் இந்தக் காதலில் ஒரு சாய்வு உண்டு. அவள் அறிவு முழுவதும் அவனைச் சீர்திருத்தவே செலவாகிறது. எல்லா நிலையினரும் படிக்கத்தக்க பல்கலைக்கழகம் ஒன்றைக் கட்டும் கனவு பிறக்கிறது, பிறப்பது அவனிடம். ஸ்பெயினுடனான திருமண ஒப்பந்தம் பலிபீடத்தருகே இளவரசியின் அழுகையில் உடைகிறது. உடைந்ததற்கு அரசியல் விலை எதுவும் இல்லை. கடனுக்கு விலை வைத்த திரைக்கதை, போருக்கும் உடன்படிக்கைக்கும் விலை வைக்க மறந்தது.

‘உட்டோபியா’ நூலின் கதியும் இத்தகையதே. வறுமையால் திருட வைத்துவிட்டுத் திருடனைத் தண்டிக்கும் சமூகத்தை மோர் கண்டித்த வாதத்தை எடுத்துக்கொண்டே டேனியெல் மோரிஸை விடுவிக்கிறாள். எழுத்தறிந்த பணிப்பெண் நூலறிவால் அதிகாரத்தை நிறுத்திவைக்கும் அக்காட்சி மனத்தை உயர்த்துகிறது. ஆனால் மோர் கற்பனை செய்த தீவிலும் குற்றவாளிகளும் போர்க்கைதிகளும் அடிமைகளே என்பதைப் படம் தொடுவதில்லை. மார்கரீட் அந்நூலைத் தீயிலிட்ட பிறகு அதன் கருத்துகளும் கதையிலிருந்து மறைந்துபோகின்றன. தனியுடைமையே கேட்டின் வேர் என்று வாதிட்ட நூலைக் கையில் வைத்திருந்தவள், தன் தந்தையின் நிலத்தைத் திரும்பப் பெறுவதையே கனவாகக் கொண்டவள். இந்த முரணை ஆராய்ந்திருந்தால் படம் வேறு உயரத்துக்குப் போயிருக்கும்.

வர்க்கம் குறித்துப் படத்தின் தயக்கம் இங்கேதான் வெளிப்படுகிறது. டேனியெல் பிறப்பால் வேலைக்காரி அல்லள். நிலவுடைமைக் குடும்பத்தின் ஒரே மகள். பழங்கதையிலும் அப்படித்தான், சிண்ட்ரெல்லா ஏழை அரசியான கதை என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், உரிமை இழந்தவள் அதை மீட்ட கதையே அது. ஆனால் இளவரசனின் பெருஞ்சோதனை ஒரு வேலைக்காரியை ஏற்பானா என்பதாக இருக்கும்போது, அவள் மெய்யான வேலைக்காரி அல்லள் என்பது அந்தச் சோதனையின் கடுமையைக் குறைத்துவிடுகிறது. அவன் பாவ்லெட்டின் மகள் ஒருத்தியைக் காதலித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியைத் திரைக்கதை நெருங்கவில்லை. ஜிப்சிகளும் இதே முறையில் கையாளப்பட்டனர்: முதலில் திருடர்கள், ஒரே இரவில் சிரித்துப் பாடும் நண்பர்கள். அன்றைய ஐரோப்பாவில் ஜிப்சிகள் எனப்பட்ட ரோமா மக்கள் ஊர்விட்டு ஊர் துரத்தப்பட்டனர். அதில் ஒரு துளியும் படத்தில் இல்லை.

யதார்த்தம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை ஸ்பானிய இயக்குநர் பாப்லோ பெர்கெர் 2012-இல் எடுத்த ‘பிளாங்கானியெவெஸ்’ காட்டியது. ஸ்நோ ஒயிட் கதையை 1920-களின் செவில்யா நகரத்துக் காளைப்போர்க் களத்துக்குக் கொண்டுவந்த கறுப்பு வெள்ளை மௌனப்படம் அது. அங்கே நாயகியை எழுப்பும் முத்தம் வருவதில்லை. கண்ணாடிப் பேழையில் அவள் சந்தைக் காட்சிப்பொருளாகிறாள். மந்திரத்தை நீக்கியவர், மந்திரம் தந்த நிம்மதியையும் சேர்த்து நீக்கினார். ‘எவர் ஆஃப்டர்’ அந்த அளவு துணியவில்லை. துணிய வேண்டியதும் இல்லை. இன்பமாக முடியும் காதல் படமாக இருப்பது குற்றமாகாது. இன்பமான முடிவுக்கும் உரிய காரணங்களைச் சம்பாதிக்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு.

அப்படிச் சம்பாதித்த முடிவு என்று சொல்லத்தக்கது தண்டனைக் காட்சி. பெரோவின் நாயகி சகோதரிகளை மன்னித்து அரசவைப் பிரபுக்களுக்கு மணமுடித்துக் கொடுத்துவிடுகிறாள். அவ்வளவு பெருந்தன்மை நம்புவதற்கில்லை. கிரிம் சகோதரர்களின் 1819 பதிப்பில் புறாக்கள் சகோதரிகளின் கண்களைக் கொத்தி எடுக்கின்றன. அவ்வளவு கொடுமை தாங்குவதற்கில்லை. படத்தில், அரசியிடம் பொய் சொன்ன குற்றத்துக்காக ரோட்மில்லாவைக் கடல்கடந்து அனுப்ப ஆணை பிறக்கும் தறுவாயில், டேனியெல் முன்வந்து பரிந்து பேசுகிறாள். தனக்கு அவள் காட்டிய அதே மரியாதையை அவளுக்கும் காட்டுமாறு கேட்கிறாள். ரோட்மில்லாவும் மார்கரீட்டும் அரண்மனைச் சலவைக்கூடத்துக்கு அனுப்பப்படுகின்றனர். பரிவு காட்டிய இளைய சகோதரி ஜாக்லின் தப்புகிறாள். பழிக்கும் மன்னிப்புக்கும் நடுவே, செய்த குற்றத்துக்கு அளவான தீர்ப்பு இது. சிண்ட்ரெல்லா மரபில் இதற்கு இணையான முடிவைக் காண்பது அரிது.

ஆனால் அந்தச் சலவைக்கூடத்தில் ஏற்கனவே பெண்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் யாருக்கும் தீங்கு செய்தவர்கள் அல்லர். சீமாட்டிக்குத் தண்டனையாக விதிக்கப்பட்டதே அவர்களுக்கு ஆயுள் முழுவதும் பிழைப்பு. பத்தாண்டுகள் அவர்களைப் போல உழைத்த டேனியெல் அவர்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பதாக ஒரு காட்சிகூட எழுதப்படவில்லை. சிண்ட்ரெல்லா கதையை யதார்த்தமாக எடுக்க முனையும் அடுத்த இயக்குநர் தொடங்க வேண்டிய இடம் அந்தக் கூடம்.